அஞ்சலில் வரும் பழங்காசு: புதிதாகச் சேகரிப்போர் ஏமாறாமல் இருப்பது எப்படி?

கொச்சி: மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைப் பார்த்துவிட்டு, யூதத் தெரு வழியாகத் திரும்பும் சுற்றுலாப் பயணிகள் பழம்பொருள் கடைகளில் சற்று நிற்பது வழக்கம். பித்தளை விளக்குகளுக்கும் மரச் சிற்பங்களுக்கும் நடுவே, தட்டில் குவித்து வைக்கப்பட்ட பழைய செப்புக் காசுகளில் ஒன்றிரண்டு அவர்களின் பைக்குள் சென்றுவிடும். நாணயச் சேகரிப்பு பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. ஊர் திரும்பிய பின், அடுத்த காசைத் தேடி அஞ்சல் வழியே விற்கும் வணிகர்களை அவர்கள் நாடுகின்றனர். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமலே பணம் செலுத்தும் இந்த முறையில், விவரம் அறியாத புதியவரின் பணம் வீணாகும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு மட்டாஞ்சேரிக் காசே நல்ல எடுத்துக்காட்டு. கடைகளிலும் வணிகர்களின் விலைப்பட்டியல்களிலும் 'கொச்சி டச்சுக் காசு' என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 'டூயிட்' எனப்படும் சிறிய செப்புக் காசுகள். ஒரு பக்கத்தில் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் பின்னிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் முத்திரையும், மறு பக்கத்தில் நெதர்லாந்து மாகாணம் ஒன்றின் சின்னமும் இருக்கும். 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய அந்நிறுவனம், 1795இல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தது. எனவே காசுக்கும் ஊருக்கும் தொடர்பே இல்லை என்று கூற முடியாது. ஆயினும் இக்காசுகள் ஹாலந்து, ஜீலாந்து, உட்ரெக்ட் முதலிய மாகாணங்களின் நாணயச்சாலைகளில் அச்சிடப்பட்டு, பெருமளவில் ஜாவா உள்ளிட்ட கிழக்கிந்தியத் தீவுகளில் புழங்கியவை. அங்கு இன்றும் ஏராளமாகக் கிடைப்பவை. 'கொச்சி' என்ற சொல் அந்தக் காசின் விலையை உயர்த்தலாம். அதன் அரிய தன்மையை உயர்த்தாது.

இதே காசு அமெரிக்காவில் 'நியூயார்க் பென்னி' என்ற பெயரில் அஞ்சல் வணிகர்களால் விற்கப்பட்டு வந்துள்ளது. நியூயார்க் முன்பு நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற டச்சுக் குடியேற்றமாக இருந்தபோது புழங்கிய காசு என்பது விளம்பரக் கதை. ஆனால் அந்நகரம் 1664இலேயே ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்வகை டூயிட்டுகள் 1726இல்தான் வெளிவரத் தொடங்கின. மேலும் அந்தக் குடியேற்றத்தை நடத்தியது டச்சு மேற்கிந்திய நிறுவனமே தவிர, கிழக்கிந்திய நிறுவனம் அன்று. காசு உண்மையானது, கதை பொய்யானது. அஞ்சல் வணிகத்தில் போலிக் காசைவிடப் போலிக் கதைக்குப் பணம் கொடுப்பவர்களே அதிகம் என்று கூறினாலும் மிகையாகாது.

கொச்சிக்கே உரிய காசை விரும்புவோர் கொச்சி மன்னர்களின் சங்குச் சின்னம் பொறித்த 'புத்தன்' என்ற சிறு வெள்ளிக் காசைத் தேட வேண்டும். புதிய பணம் என்பதே அதன் பொருள். தெற்கே திருவிதாங்கூரின் கணக்கு வேறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். தமிழகத்தின் பக்கம் வந்தால், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் அச்சிட்ட செப்புக் காசுகளில் ஊரின் பெயரே தமிழ் எழுத்தில் காணப்படுகிறது. ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளதால், பழமை ஆயிரம் ஆண்டு என்றாலும் சாதாரணத் தரமுள்ள காசு பெருவிலை பெறுவதில்லை. வயது ஒன்றே விலையை நிர்ணயிப்பதில்லை என்பதைப் புதியவர்கள் முதலில் மனத்தில் கொள்வது நல்லது. எத்தனை காசுகள் எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன, எத்தனை பேர் அதை விரும்புகின்றனர் ஆகிய மூன்றும் சேர்ந்தே விலை அமைகிறது.

பட்டியலைப் படிக்கும் முறை

நம்பகமான வணிகரின் பட்டியலில் ஒவ்வொரு காசுக்கும் வெளியிட்ட அரசு, மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலை, உலோகம், எடை, தரம், நாணயப் பட்டியல் நூலில் அதற்குரிய எண் ஆகியவை இருக்கும். விற்கப்படும் அதே காசின் இரு பக்கப் படங்களும் இருக்கும். 'படம் மாதிரிக்கு மட்டும்' என்ற குறிப்பு இருந்தால், ஒரு புதியவர் அந்தக் காசைத் தவிர்த்துவிடலாம். தரத்தைக் குறிக்க 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'அன்சர்க்குலேட்டட்' ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன. இவற்றுள் 'ஃபைன்' என்பது அகராதிப் பொருளில் சிறந்தது என்று தோன்றினாலும், சேகரிப்பாளர் வழக்கில் நன்கு தேய்ந்த காசையே குறிக்கும். இச்சொற்களைச் சட்டம் எதுவும் வரையறுக்கவில்லை. ஒருவரின் 'வெரி ஃபைன்' மற்றவருக்கு 'ஃபைன்' மட்டுமே. அமெரிக்காவில் 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைப் பின்பற்றி, 1980களில் தோன்றிய பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் தரம் பிரித்து உறையிட்டுத் தருகின்றன. அத்தகைய உறையிலும் போலிகள் உண்டு என்பதால், உறை எண்ணை அந்நிறுவனத்தின் பதிவேட்டில் சரிபார்ப்பது அவசியம்.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் புதியவர்கள் அதிகம் வாங்கும் காசு. அதன் எடை 11.66 கிராம். 1930களின் இறுதிவரை அதில் 91.7 விழுக்காடு வெள்ளி இருந்தது. அதாவது ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி. 1940 முதல் 1945 வரை வெளியான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. தூய வெள்ளி 5.8 கிராம் மட்டுமே. 1947ஆம் ஆண்டு ரூபாய் முழுக்க நிக்கல். அன்றைய வெள்ளி விலையை இந்த எடையால் பெருக்கினால், காசின் உலோக மதிப்பு கிடைத்துவிடும். அதற்கு மேல் வணிகர் கேட்கும் தொகை எதற்காக என்பதை அவர் விளக்க வேண்டும். தேய்ந்துபோன சாதாரண ஆண்டுக் காசுக்கு உலோக மதிப்பைப் போல் பல மடங்கு கேட்கப்பட்டால், விளக்கம் எதுவாயினும் ஒதுங்கிக்கொள்வதே மேல்.

காசு கைக்கு வந்ததும் அரைக் கணத்தில் செய்யக்கூடிய சோதனை காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது வெள்ளி அன்று. ஆனால் 1947இன் நிக்கல் ரூபாய் காந்தத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அதுவே ஐயத்துக்குரியது. நகை எடைக்கருவியில் எடை பார்ப்பதும், விளிம்பில் இணைப்புக் கோடு தெரிகிறதா என்று உருப்பெருக்கியால் நோக்குவதும் அடுத்த படிகள். இருப்பினும் மிக அரிதான 1939ஆம் ஆண்டு ரூபாய் போன்றவற்றில் இச்சோதனைகள் போதா. 1938ஆம் ஆண்டுக் காசின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றினால் எடையும் வெள்ளியும் சரியாகவே இருக்கும். இத்தகைய காசுகளைத் தொடக்கநிலையில் அஞ்சலில் வாங்குவது எவ்விதத்திலும் பரிந்துரைக்கத் தக்கதன்று.

வேறொரு குழப்பமும் உண்டு. பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் 1970 வாக்கில் நிறுத்தும்வரை, பழைய அச்சுகளைக் கொண்டு சேகரிப்பாளர்களுக்காக மீண்டும் காசுகளை அச்சிட்டுத் தந்தன. 'மறு அச்சு' எனப்படும் இவை போலி அல்ல. ஆனால் அசலும் அல்ல. விலைப்பட்டியலில் அச்சொல் விடுபட்டிருந்தால் வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும்.

வி.பி.பி. என்பது காப்பு அன்று

பத்திரிகை விளம்பரங்களால் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான வி.பி.பி. முறை இந்தியாவில் 1877இல் நடைமுறைக்கு வந்தது. பொருள் வந்தபின் பணம் கொடுப்பதால் இது பாதுகாப்பானது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் தபால்காரரிடம் பணம் செலுத்திய பிறகே பொட்டலத்தைப் பிரிக்க இயலும். உள்ளே இருப்பது வெள்ளியா தகரமா என்பது அதன் பிறகே தெரியவரும். தனியார் கூரியர்களின் 'கேஷ் ஆன் டெலிவரி'யும் பெரும்பாலும் இதே போன்றதுதான். வாங்குபவரைக் காப்பது பணம் செலுத்தும் நேரம் அன்று. எழுத்தில் உள்ள திருப்பியனுப்பும் நிபந்தனையே. எத்தனை நாள்களுக்குள் திருப்பலாம், அஞ்சல் செலவு யாருடையது, உறையைப் பிரித்தால் உரிமை போய்விடுமா, போலி என்று பின்னர் தெரிந்தால் காலவரையின்றிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றைப் பணம் அனுப்புமுன் கேட்டறிய வேண்டும்.

முதல் கொள்முதல் சிறு தொகைக்கு இருத்தல் நன்று. இன்னொரு கேள்வியும் பயன் தரும்: 'இதே காசை நான் திருப்பி விற்றால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?' விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடையே இடைவெளி இருப்பது வணிகத்தில் இயல்பே. விடை சொல்ல மறுப்பவர்தான் கவனத்துக்குரியவர். பொட்டலத்தைப் பிரிக்கும்போது கைப்பேசியில் காணொளி எடுத்துவைப்பதும், ரசீதையும் மேலுறையையும் பாதுகாப்பதும் பிற்காலத் தகராறில் சான்றாகும். காசைப் பளபளக்கத் துலக்கிவிட்டால் திருப்பியனுப்பவும் முடியாது, விலையும் விழுந்துவிடும். மென்மையான பிவிசி உறைகளும் நாளடைவில் காசில் பச்சைப் பிசினைப் படியவிடும்.

ஏமாற்றுகளில் சில மிகப் பழையவை. 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்திய நிறுவனத்தின் பெயரும் ராமர் அல்லது அனுமன் உருவமும் பொறித்த தகடுகள் புழக்கத்திற்கு வெளியான நாணயங்களே அல்ல, பிற்காலத்து வில்லைகள். இவற்றுக்கு அரிசியை ஈர்க்கும் ஆற்றல் உண்டு என்று கூறும் 'ரைஸ் புல்லிங்' மோசடியில் தமிழகத்திலும் கேரளத்திலும் பலர் பெரும் பணத்தை இழந்துள்ளனர். மற்றொரு வகை, வாங்குவதாகக் கூறி ஏமாற்றுவது. 2012இல் வெளியான வைஷ்ணவ தேவி உருவமுள்ள 5, 10 ரூபாய் நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் கேட்பர். தனது பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் வசூலிக்கப்படுவதாக 2021 ஆகஸ்டில் எச்சரித்த ரிசர்வ் வங்கி, பழைய நாணய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்று தெளிவுபடுத்தியது.

அஞ்சலில் வாங்குவதற்கு மிகக் குறைந்த ஆபத்துள்ள வழி, மத்திய அரசின் நாணயச்சாலைகளிடமே வாங்குவது. 1964இல் நேரு உருவத்துடன் தொடங்கிய நினைவு நாணயங்களை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நாணயச்சாலைகளை நடத்தும் அரசு நிறுவனம் முன்பதிவு பெற்று அனுப்பி வைக்கிறது. 2023இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்காக வெளியான 75 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையும் 50 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. இங்கு போலி அச்சமில்லை. விலை ஏறும் என்ற உறுதியும் இல்லை.

சட்டத்தின் எல்லை

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருளாகும். அதை விற்கும் தொழில் செய்ய உரிமம் தேவை. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. சிங்கப்பூரிலோ கனடாவிலோ உள்ள உறவினருக்கு மட்டாஞ்சேரியில் வாங்கிய டூயிட்டை உறையில் வைத்து அனுப்புவோர் இதை அறிந்திருப்பதில்லை. பயணப் பெட்டிக்கும் இதே விதி பொருந்தும். நூறாண்டுக் கோடு ஆண்டுதோறும் நகர்வதால், சென்ற ஆண்டு அனுப்பக்கூடியதாக இருந்த காசு இவ்வாண்டு தொல்பொருளாகியிருக்கலாம்.

எர்ணாகுளம் மாவட்டத்திலேயே, பறவூர் அருகே வள்ளுவள்ளியில் 1983இல் 250க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அதன் பின்னணியில் 'முசிறியில் தோண்டியெடுத்தது' என்று கூறி விற்கப்படும் காசு போலியாக இருந்தால் பண இழப்பு. உண்மையாக இருந்தால் சட்டச் சிக்கல். மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டு முதலே உள்ள சட்டம்.

ஏமாற்றப்பட்டவர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பனையாளரின் ஊருக்குச் செல்லாமல் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இணையவழி விற்பனையாளர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் இணையவழி மோசடியில் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் சென்றால்தான் அதை முடக்க இயலும்.