ஒரே ஹீரோ, ரெண்டு "முதல் இதழ்": காமிக்ஸ்ல காசு போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



தங்கம், எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்ட் தாண்டி மக்கள் பணம் போடுற வித்தியாசமான இடங்களைப் பத்தி நம்ம சேனல்ல பேசிட்டு வர்றோம். இன்னைக்கு பழைய அமெரிக்க காமிக்ஸ் இதழ்கள். "10 சென்ட்டுக்கு வித்த புத்தகம் இன்னைக்கு கோடிக்கணக்குல போகுது"ன்னு ரீல்ஸ்ல நீங்களும் பார்த்திருப்பீங்க. அது உண்மைதான். சூப்பர்மேன் முதன்முதலா வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 1938-ல வெளியானப்போ விலை 10 சென்ட். அதுல நல்ல நிலைமையில இருந்த ஒரு பிரதி 2024 ஏப்ரல்ல ஏலத்துக்கு வந்து 60 லட்சம் டாலருக்குப் போச்சு. ஸ்பைடர்-மேன் முதல்ல வந்த அமேசிங் ஃபேன்டஸி 15-வது இதழ், 1962-ல 12 சென்ட். 2021-ல ஒரு பிரதி 36 லட்சம் டாலர்.

இந்த விலைக்கெல்லாம் காரணமா சொல்லப்படுற வார்த்தை "ஃபர்ஸ்ட் அப்பியரன்ஸ்". ஒரு கேரக்டர் முதன்முதலா தோன்றின இதழ். கேட்க ரொம்ப சிம்பிளா இருக்கு இல்லையா? எந்த இதழ்ல முதல்ல வந்தாரோ அதுதானே முதல் இதழ், இதுல என்ன பெரிய விளக்கம் வேண்டிக் கிடக்குன்னு தோணும். சூப்பர்மேன், ஸ்பைடர்-மேன் விஷயத்துல நிஜமாவே சிம்பிள்தான். மத்த பல பேர் விஷயத்துல அப்படி இல்ல. சம்பளக் காசை எடுத்து இதுல போட நினைக்கிறவங்க மாட்டிக்கிறதும் அங்கதான்.

வுல்வரின் கேஸ்

1974-ல மார்வெல் கம்பெனியோட தி இன்க்ரெடிபிள் ஹல்க், 180-வது இதழ். அட்டையில அக்டோபர்னு தேதி. கனடா காட்டுக்குள்ள ஹல்க்கும் வெண்டிகோங்கிற ராட்சசனும் மோதிக்கிற கதை. கடைசிப் பக்கத்தோட கடைசிக் கட்டத்துல, மஞ்சள்-நீல உடையில, கையில நகங்களோட ஒருத்தர் குதிச்சு வர்றார். அவர்தான் வுல்வரின். சும்மா நிழலா இல்ல. முழு உருவம், முழு உடை, வாயைத் திறந்து பேசுறார், தன் பேரையும் சொல்றார். தொடரும் போட்டு முடிச்சிட்டாங்க. அடுத்த மாசம் 181-வது இதழ்ல அட்டையிலேயே வுல்வரின், உள்ள முழுக்க சண்டை.

இப்ப சொல்லுங்க, முதல் இதழ் எது? எங்க பாட்டிகிட்ட கேட்டிருந்தாகூட 180-ன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனா சந்தை 181-ன்னு சொல்லுது. 181-க்கு 180-ஐ விட பல மடங்கு விலை. 180-ல வந்தது "கேமியோ"வாம், அதாவது தலைகாட்டிட்டுப் போறது. 181-ல வந்தது "ஃபர்ஸ்ட் ஃபுல் அப்பியரன்ஸ்", முழுமையான முதல் வருகை. எத்தனை கட்டம் வந்தா கேமியோ, எத்தனை கட்டம் தாண்டினா முழு வருகைன்னு எந்தச் சட்டமும் கிடையாது. கதையில அந்த கேரக்டருக்கு வேலை இருக்கணும்னு ஒரு பொதுவான எண்ணம் இருக்கு, அவ்வளவுதான்.

சேகரிக்கிறவங்க ஏன் 181 பக்கம் சாய்ஞ்சாங்க? என் கணிப்பு: அட்டைப்படம். இன்னைக்கு விலை உயர்ந்த இதழ்களை எல்லாம் சிஜிசி மாதிரி கம்பெனிகிட்ட அனுப்பி, 0.5-லிருந்து 10 வரைக்கும் தரப் புள்ளி வாங்கி, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள்ள சீல் பண்ணிடறாங்க. அதுக்கப்புறம் யாரும் பக்கத்தைப் புரட்டப் போறதில்ல. கண்ணுக்குத் தெரியுறது அட்டை மட்டும்தான். கடைசிப் பக்கத்துல வுல்வரின் இருக்கார்னு சொல்லி, ஷெல்ஃப்ல வெண்டிகோ படத்தை வெச்சுக்க யாருக்கு ஆசை வரும்?

இந்தக் கணக்கு எல்லா இடத்துலயும் செட் ஆகாது, அதையும் சொல்லிடறேன். வெனம் விஷயத்தைப் பாருங்க. 1988-ல அமேசிங் ஸ்பைடர்-மேன் 299-வது இதழோட கடைசியில வெனம் தலைகாட்டுறார். 300-வது இதழ்ல முழுசா வர்றார். சந்தைக்குப் பிடிச்சது 300. ஆனா அதோட அட்டையில இருக்கிறது ஸ்பைடர்-மேன்தான். இங்க ரவுண்டு நம்பர், ஆண்டு விழா இதழ், ஓவியர் டாட் மக்ஃபார்லேனோட பேர் எல்லாம் சேர்ந்து வேலை செஞ்சிருக்கு.

வெனம் எப்போ பிறந்தார்?

வெனம்னா யாரு? எடி பிராக்ங்கிற மனுஷன், கறுப்பு உடையா வாழுற வேற்றுக்கிரக உயிர், ரெண்டும் சேர்ந்ததுதான் வெனம். அந்தக் கறுப்பு உடை 1984-லேயே அமேசிங் ஸ்பைடர்-மேன் 252-வது இதழ்ல வந்தாச்சு. ஆனா அது ஸ்பைடர்-மேனுக்கு எப்படிக் கிடைச்சதுங்கிற கதை, அதே வருஷக் கடைசியில சீக்ரெட் வார்ஸ் 8-வது இதழ்லதான் வந்துச்சு. கதைப்படி முதல்ல நடந்தது பின்னாடி அச்சாச்சு. 1986-ல வெப் ஆஃப் ஸ்பைடர்-மேன் 18-வது இதழ்ல யாரோ ஒருத்தரோட கை பீட்டர் பார்க்கரை ரயில் முன்னாடி தள்ளிவிடுது. அந்தக் கை யாரோடதுன்னு அப்போ படிச்சவங்களுக்குத் தெரியாது. அது வெனமோட கைன்னு பிறகு சொன்னாங்க. அதனால "வெனமோட முதல் கேமியோ"ன்னு அந்த இதழையும் விக்கிறாங்க. வெறும் கை!

252, சீக்ரெட் வார்ஸ் 8, வெப் 18, 299, 300. ஒரே கேரக்டருக்கு அஞ்சு இதழ். ஒவ்வொண்ணோட விளம்பரத்துலயும் "முதல்"ங்கிற வார்த்தை ஏதோ ஒரு வடிவத்துல இருக்கும். ஒண்ணும் பொய் இல்ல. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல ரிட்டர்ன் காட்டும்போது தொடக்கத் தேதியைத் தங்களுக்குச் சாதகமா எடுத்துக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மார்ச் 2020-லிருந்து கணக்குப் போட்டா எந்த ஈக்விட்டி ஃபண்டும் ஹீரோதான். அதே வித்தைதான் இங்கயும் நடக்குது.

அச்சு, டிவி, பேர் மாற்றம்

ஹார்லி குவின் இன்னும் சுவாரசியம். அவங்க காமிக்ஸ்ல பிறக்கவே இல்ல. 1992 செப்டம்பர்ல பேட்மேன் கார்ட்டூன் தொடரோட ஒரு எபிசோடுல ஜோக்கருக்கு எடுபிடியா வந்தாங்க. 1993-ல பேட்மேன் அட்வென்ச்சர்ஸ் 12-வது இதழ்லதான் முதன்முதலா அச்சுல வந்தாங்க. ஆனா அது கார்ட்டூனைத் தழுவின தொடர். டிசி கம்பெனியோட மெயின் கதை உலகத்துக்குள்ள முறையா வந்தது 1999-ல, தனி இதழா. சந்தை பணம் கொடுக்கிறது 1993 இதழுக்கு. டிவி எபிசோடை பிளாஸ்டிக் உறையில போட்டு விக்க முடியாதே!

எக்ஸ்-மென் கூட்டத்துல கேம்பிட்னு ஒருத்தர். 1990-ல அன்கேனி எக்ஸ்-மென் 266-வது இதழ்லதான் அவரை முறைப்படி அறிமுகப்படுத்துறதா ஏற்பாடு. ஆனா அவர் சின்னதா வந்துட்டுப் போற எக்ஸ்-மென் ஆண்டு மலர் 14 அதுக்கு முன்னாடியே கடைக்கு வந்துடுச்சு. காலண்டரைப் பார்த்தா ஆண்டு மலர்தான் முதல். சந்தை இன்னும் 266-க்குத்தான் அதிகம் கொடுக்குது.

கேப்டன் மார்வெல் படம் பார்த்திருப்பீங்க. அந்த கேரல் டேன்வர்ஸ், ஒரு சாதாரண அதிகாரியா 1968-ல வந்தவங்க. மிஸ் மார்வெல்ங்கிற பேர்ல ஹீரோவானது 1977. கேப்டன் மார்வெல்ங்கிற பேரை எடுத்துக்கிட்டது 2012. ஆள் முதலா, பவர் முதலா, பேர் முதலா?

எதிர்பாராத இடத்துல ஒளிஞ்சிருக்கிற முதல் வருகையும் உண்டு. சைபார்க், ஸ்டார்ஃபயர், ரேவன் மூணு பேரும் முதல்ல வந்தது 1980-ல, டிசி காமிக்ஸ் பிரசன்ட்ஸ் 26-வது இதழ்ல. அது சூப்பர்மேனும் கிரீன் லான்டர்னும் சேர்ந்து வர்ற இதழ். அடுத்து வரப்போற டீன் டைட்டன்ஸ் தொடருக்கு விளம்பரமா, நடுவுல இலவச இணைப்பு மாதிரி ஒரு சின்னக் கதையை வெச்சுத் தச்சிருந்தாங்க.

நம்ம ஊர்ல பழைய முத்து காமிக்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ல சிவகாசியிலிருந்து வந்த முதல் இதழ், இரும்புக்கை மாயாவி. தமிழ் சேகரிப்பாளர்களுக்கு அது பொக்கிஷம், சந்தேகமே இல்ல. ஆனா மாயாவியோட முதல் வருகை அது கிடையாது. அவர் பிறந்தது 1962-ல, பிரிட்டனோட வேலியன்ட் வாரப் பத்திரிகையில. நம்ம இதழுக்கு மதிப்பு வேற கணக்குல. தமிழ்ல முதல்ங்கிறதும், மிஞ்சின பிரதிகள் குறைவுங்கிறதும்தான் அங்க காரணம்.

சரி, யார் முடிவு பண்றாங்க?

யாரும் தனியா முடிவு பண்றதில்ல. 1970-லிருந்து வர்ற ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டுல என்ன போட்டிருக்கு, சிஜிசி உறையோட லேபிள்ல என்ன அச்சடிச்சிருக்கு, ஏல நிறுவனம் எப்படி விளம்பரம் பண்ணுது, கடைசியா வாங்குறவர் எதுக்குப் பணத்தை எடுக்கிறார். இந்த நாலும் சேர்ந்துதான் "முதல்". இதுல ஏல நிறுவனத்துக்கும் விக்கிறவருக்கும் புதுசு புதுசா "முதல்" கண்டுபிடிச்சா லாபம்.

உங்க பாக்கெட்டுக்கு இதுல என்ன இருக்கு? பங்கு வாங்கினா பின்னாடி ஒரு கம்பெனியோட லாபம் இருக்கு. பாண்டுக்கு வட்டி இருக்கு. இங்க நீங்க வாங்குறது ஒரு பொதுக் கருத்தை. அந்தக் கருத்து 50 வருஷமா உறுதியா நின்னா (181 மாதிரி) பரவாயில்ல. "இப்பதான் எல்லாரும் இதை உண்மையான முதல் வருகைன்னு ஒத்துக்க ஆரம்பிச்சிருக்காங்க, சீக்கிரம் வாங்குங்க"ன்னு யாராவது சொன்னா, அவர் கையில எத்தனை பிரதி இருக்குன்னு முதல்ல கேளுங்க.

10 சென்ட் 60 லட்சம் டாலர் ஆனதை வருஷக் கணக்குல பார்த்தா, 86 வருஷத்துல சுமார் 23% கூட்டு வளர்ச்சி. பிரமாதம்தான். ஆனா அது ஜெயிச்ச குதிரையோட கணக்கு மட்டும். அதே மாசம் அதே கடையில 10 சென்ட்டுக்குத் தொங்கின மத்த இதழ்களோட பேர்கூட யாருக்கும் ஞாபகம் இல்ல. எல்லாரும் பத்திரமா எடுத்து வெச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. 1991-ல வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல போச்சு. பிள்ளைங்க காலேஜ் ஃபீஸ் கட்ட உதவும்னு அமெரிக்காவுல பல பேர் பெட்டி பெட்டியா வாங்கி அடுக்கினாங்க. இன்னைக்கும் அது சில டாலருக்குக் கிடைக்கும்.

செலவையும் பாருங்க. பெரிய ஏலங்கள்ல வாங்குறவர் ஏல விலைக்கு மேல 20% பிரீமியம் கட்டுறது சாதாரணம். 100 டாலருக்கு ஏலம் எடுத்தா கையை விட்டுப் போறது 120. அப்புறம் ஷிப்பிங், இன்சூரன்ஸ், நம்ம ஊர் கஸ்டம்ஸ், டாலர் மாத்துற செலவு. விக்கும்போது திரும்ப அமெரிக்காவுக்கே அனுப்பணும், ஏன்னா வாங்குற ஆள் அங்கதான் இருக்கார். விலை 25, 30 சதவீதம் ஏறினாகூட உங்களுக்கு ஒரு ரூபா லாபம் நிக்காம போகலாம். லாக்டவுன் நேரத்துல விலை எகிறினப்போ வாங்கின நிறைய பேர், அடுத்த ரெண்டு வருஷத்துல அதே இதழ் இறங்குறதை உட்கார்ந்து பார்த்தாங்க. என்னைக் கேட்டா, எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்.ஐ.பி.யும் ஓடிட்டு இருந்து, சினிமா, டூர்னு ஒதுக்கின பணத்துல மிச்சம் இருந்தா, பிடிச்ச கேரக்டருக்காக ஒண்ணு வாங்கலாம். ரிட்டயர்மென்ட் கணக்குல இதைச் சேர்க்காதீங்க.

அப்படி வாங்குறதா இருந்தா, "முதல்"ங்கிற வார்த்தைக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன ஒட்டியிருக்குன்னு படிங்க. கேமியோவா, முழு வருகையா, கலர்ல முதலா, அட்டையில முதலா, அந்தப் பேர்ல முதலா? லேபிள்ல இருக்கிற வார்த்தையும் விக்கிறவர் எழுதின வார்த்தையும் ஒத்துப்போகணும். அடுத்து தரப் புள்ளி. 1939-ல வந்த சூப்பர்மேன் முதல் இதழ் அவரோட முதல் வருகையே இல்ல. ஆனா 9.0 புள்ளி வாங்கின ஒரு பிரதி 2025 நவம்பர்ல 91 லட்சம் டாலரைத் தாண்டிப் போச்சு, மேல சொன்ன ஆக்‌ஷன் காமிக்ஸ் பிரதியை விட அதிகம்.

சீல் பண்ணாத ஹல்க் 181 சல்லிசா கிடைக்குதுன்னா, உள்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அந்தக் காலத்துல மார்வெல் இதழ்களுக்குள்ள ஒரு ஸ்டாம்ப் அச்சடிச்சு, வெட்டி ஆல்பத்துல ஒட்டுங்கன்னு பசங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. 181-லயும் ஒண்ணு இருக்கு. நிறைய பசங்க கத்தரிக்கோலை எடுத்துட்டாங்க. அட்டை பளபளன்னு இருக்கும், உள்ள ஒரு சின்ன சதுர ஓட்டை இருக்கும். விலை அதல பாதாளத்துக்குப் போயிடும்.

அந்த 180-ஐ ரொம்பக் குறைச்சும் எடை போட்டுடாதீங்க. வுல்வரின் குதிச்சு வர்ற அந்தக் கடைசிப் பக்கத்துக்காக ஓவியர் ஹெர்ப் டிரிம்பி கையால வரைஞ்ச ஒரிஜினல் தாள் 2014-ல ஏலத்துக்கு வந்துச்சு. "வெறும் கேமியோ"ன்னு சொல்ற அதே சேகரிப்பாளர் உலகம் அதுக்குக் கொடுத்தது 6,57,250 டாலர்.