ஆல்பம் ரெடி, ஆளுக்குப் போய்ச் சேரணுமே!

மைக்ல காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கிடுங்க. இது ஆரல்வாய்மொழி. கணவாய் வழியா வீசுற காத்தை நம்பித்தான் முப்பந்தல்ல அத்தனை காத்தாடியும் நிக்கு. ஜன்னலைச் சாத்தினா வேர்த்து ஊத்தும், திறந்தா எபிசோடு போச்சு. பாதி திறந்து வச்சிருக்கேன்.

எங்க ஆல்பம் மிக்ஸிங் முடிஞ்சு வந்தாச்சு. ஆறு பாட்டு. மூணு பேர் கைக்காசு. லேபிள் கிடையாது, சினிமா கிடையாது. "எப்படி ப்ரமோட் பண்ணப் போறே?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். ஆனா ப்ரமோஷனுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. போஸ்டர் அடிக்கிறதுக்கு முன்னால, இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்னு ஒரு பேப்பர்ல எழுதணும்.

ஏன் சொல்றேன்னா, 'எஞ்சாயி எஞ்சாமி'யை எடுத்துக்கிடுங்க. 2021 மார்ச்ல வந்துச்சு. தீ, அறிவு பாடினாங்க, சந்தோஷ் நாராயணன் தயாரிச்சாரு, 'மாஜா'ங்கிற புது தளம் வெளியிட்டுச்சு. சினிமாவுல இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச அறிவோட பாட்டி வள்ளியம்மாள் கதையில இருந்து வந்த பாட்டு, உலகம் முழுக்கப் பல கோடி பேர் பார்த்தாங்க. ப்ரமோஷன்னு பார்த்தா இதுக்கு மேல ஒரு வெற்றி கிடையாது.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? அதே வருஷம் ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்துல தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க, அறிவு இல்லை. பெரிய சத்தம் ஆச்சு, பிறகு அறிவுக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை போட்டாங்க. 2022-ல செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில அவர் இல்லாம அந்தப் பாட்டு ஒலிச்சுது. இசையமைச்சது, எழுதினது, பாடினது நான்தான்னு அறிவு எழுதினாரு. இது எல்லாரும் சேர்ந்து செஞ்ச பாட்டுன்னு சந்தோஷ் நாராயணன் தரப்பு விளக்கம் வந்துச்சு. 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டு, மூணு வருஷமா இந்தப் பாட்டுல இருந்து எங்க யாருக்கும் வருமானம் வரலைன்னு சொன்னாரு. யார் பக்கம் நியாயம்னு தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனா கேட்டவங்க எண்ணிக்கை கூடக்கூட, யாரு என்ன செஞ்சாங்கங்கிற கேள்வியும் பெருசாகுது. அந்தக் கேள்விக்குப் பதில், பாட்டு வர்றதுக்கு முன்னாடியே எழுத்துல இருக்கணும்.

எங்க மூணாவது பாட்டுல வில்லுப்பாட்டுக் குடம் வருது. வாசிச்சவரு இந்தப் பக்கத்துக் கொடைகள்ல ரொம்ப வருஷமா குடம் அடிக்கிற ஒரு பாட்டையா. கையில காசு வாங்கிட்டு, "பேப்பரு எல்லாம் எதுக்குடே?"ன்னாரு. நாங்க விடலை. அன்னைக்குக் கொடுத்தது வாசிப்புக் கூலி. அது போக அந்தப் பாட்டுல வர்ற வருமானத்துல இத்தனை சதவீதம் அவருக்குன்னு ஒரு பக்கத்துல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக்கிட்டோம். இதைத்தான் ஸ்பிளிட் ஷீட்டுன்னு சொல்லுவாங்க. ஆளுக்காளு பங்கு, பேரு எப்படிப் போடணும், எந்த வங்கிக் கணக்கு. அவ்வளவுதான்.

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு சொத்து இருக்கு. ஒண்ணு பதிவு, அதாவது ஸ்டுடியோவுல பிடிச்ச ஒலி. இன்னொண்ணு மெட்டும் வரியும். நம்ம பதிவை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எல்லாத்துக்கும் கொண்டு சேர்க்கிறது டிஸ்ட்ரிபியூட்டர். அந்தக் காசு அவங்க வழியா வரும். மெட்டுக்கும் வரிக்குமான ராயல்டி வேற வழி. அதுக்கு ஐ.பி.ஆர்.எஸ்.ல உறுப்பினர் ஆகணும், ஒவ்வொரு பாட்டையும் பதியணும். எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் இந்த ராயல்டி உரிமையை விட்டுக்கொடுத்துட முடியாதுன்னு 2012-ல பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தியிருக்காங்க. சட்டம் இருந்து என்ன, நாம பதியலைன்னா காசு எந்த வீட்டுக் கதவைத் தட்டும்?

சரி, இப்ப ரிலீசுக்கு வாறேன்.

முதல்ல பேரு. சிரிக்காதீங்க. எங்க ஊர் பேரையே எடுத்துக்கிடுங்க. இங்கிலீஷ்ல ஒருத்தன் 'ழ'வுக்கு இசட் ஹெச் போடுவான், ஒருத்தன் எல் போடுவான், பழைய வெள்ளைக்காரன் ஆரம்போளின்னு எழுதிட்டுப் போயிட்டான். கலைஞர் பேருல இந்தக் குழப்பம் வந்தா, ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு பக்கம் உருவாகி, கேட்டவங்க கணக்கும் சிதறிப் போகும். ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு பண்ணி, எல்லா இடத்துலயும் அதையே போடுங்க. குடம் வாசிச்சவர் பேரு வரைக்கும்.

அப்புறம் தேதி. டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட குறைஞ்சது நாலு வாரம் முன்னாடி கொடுத்திடுறது நல்லது. ஸ்பாட்டிஃபைல எடிட்டர்களோட பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்க, பாட்டு வெளிவர்றதுக்குக் குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி அனுப்பியாகணும். ஒரு நேரத்துல ஒரு பாட்டுதான் அனுப்ப முடியும். ஆறு பாட்டையும் ஒரே நாள்ல இறக்கினா அந்த வாய்ப்பு ஒண்ணுதான். அதனால நாங்க முதல்ல ரெண்டு பாட்டை மாசத்துக்கு ஒண்ணா விடுறோம், மூணாவதா ஆல்பம். மூணு தடவை கதவைத் தட்டலாம். தோவாளையில பூவை மொத்தமா கொட்டிட்டா விலை கிடைக்குமா?

முதல் சிங்கிள் எதுங்கிறதுல எங்களுக்குள்ள பெரிய சண்டை. ரீல்ஸுக்கு எடுபடும்னு ஒருத்தன் ஒரு பாட்டைச் சொன்னான். நான் குடம் வர்ற பாட்டைச் சொன்னேன். ஸ்பாட்டிஃபைல 30 வினாடி கேட்டாத்தான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு. எங்க குடம் உள்ள வர்றதே 40-ஆவது வினாடியில. அதுக்காக முன்னாடி இழுத்து வைக்கலாமான்னு பேசினோம். வைக்கலை. ரீல்ஸுக்குன்னு தனியா குடத்துல தொடங்குற ஒரு துண்டை வெட்டிக்கிட்டோம், பாட்டு பாட்டாவே இருக்கு.

காசு கொடுத்தா பத்தாயிரம் ஸ்ட்ரீம்னு இன்பாக்ஸ்ல ஆளுங்க வருவாங்க. கிட்ட சேர்க்காதீங்க. போலி ஸ்ட்ரீம்னு கண்டுபிடிச்சா ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடுது, அது சுத்தி நம்ம தலையில விழும், பாட்டையே தூக்கிடவும் செய்வாங்க. இன்னொண்ணு, 2024-ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தொடலைன்னா அதுக்கு அங்க காசே கிடையாது. சின்ன ஆளுக்கு இது அநியாயம்னுதான் நான் சொல்லுவேன். ஆனா கணக்கு அப்படி இருக்கும்போது, எங்கேயோ இருக்கிற லட்சம் பேரை விட, திரும்பத் திரும்பக் கேட்கிற 200 பேரு முக்கியம்.

அந்த 200 பேரை எங்க பிடிக்கிறது? எனக்குத் தெரிஞ்ச நல்ல பாடம் ஸ்ட்ரீமிங் காலத்துது இல்லை. எங்க பக்கம் வில்லுக் குழுவுக்கு யாரு ப்ரமோஷன் பண்ணினா? ஒரு ஊர் அம்மன் கொடையில பாடுவாங்க. கொடை பார்க்க வந்த அடுத்த ஊர்க்காரரு விடிய விடியக் கேட்டுட்டு, அங்கேயே வச்சு அவங்க ஊர்க் கொடைக்குத் தேதி பேசிட்டுப் போவாரு. கொடை நோட்டீசுல குழுவோட பேரு வரும். அந்த நோட்டீசு பத்து ஊருக்குப் போகும். பாட்டுதான் விளம்பரம், மேடைதான் கடை.

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான். பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின 19 பேர் குழு. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி. கையில ஆல்பம் இல்லை. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து, நேரடியா மக்கள் முன்னாடி நின்னாங்க. 'மகிழ்ச்சி' ஆல்பம் அதுக்குப் பிறகுதான் வந்துச்சு. முதல்ல கூட்டம், அப்புறம் பதிவு.

எங்களுக்கு அவ்வளவு பெரிய மேடை கிடையாது. ஆல்பம் வர்ற வாரம் நாகர்கோவில்ல ஒரு சின்ன இடம், ஊருக்குள்ள ஒரு நாள் சாயங்காலம், ரெண்டு கச்சேரி. ரெண்டுலயும் பாட்டையா குடத்தோட முன்வரிசையில இருப்பாரு. நுழைவாயில்ல க்யூ.ஆர். அட்டை இருக்கும், அதை ஸ்கேன் பண்ணினா ஆல்பம் பக்கம். காசு கொடுத்து டவுன்லோடு பண்ணுறவங்களுக்காக பேண்ட்கேம்ப்லயும் போடுறோம். துபாய், மஸ்கட்ல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க குரூப்புகள்ல லிங்கு மட்டும் போட மாட்டோம். குடம் எப்படிச் செய்யுறாங்க, எப்படிப் பிடிச்சு அடிக்கிறாங்கன்னு பாட்டையா பேசுற ஒரு நிமிஷ வீடியோவோட சேர்த்துத்தான் போடுவோம். லிங்கை யாரும் ஃபார்வேர்டு பண்ண மாட்டாங்க, பாட்டையாவைப் பண்ணுவாங்க.

முதல் மூணு மாசக் கணக்கு வந்ததும், வந்தது எவ்வளவு, யாருக்கு எவ்வளவு போச்சுன்னு இதே பாட்காஸ்ட்ல வாசிச்சுக் காட்டுறேன். அது 412 ரூபாயா இருந்தாலும் சரி. ஸ்பிளிட் ஷீட் மாதிரியை எபிசோடு பக்கத்துல போட்டிருக்கேன், எடுத்துக்கிடுங்க. காத்து கூடுது, ஜன்னலைச் சாத்தப் போறேன்.