தலைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு தகடு

அம்பாசடர் கார் ஒன்று மேட்டில் ஏறுகிறது. நல்ல வெயில் நேரம். முன்பக்கத்தில் குபுகுபு என்று ஆவி கிளம்புகிறது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டுகிறார். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றுகிறார். வண்டி பத்து கிலோமீட்டர் போகிறது. மறுபடியும் ஆவி.

ஊற்றிய தண்ணீர் எங்கே போனது? கீழே ஒழுகவில்லை. ரேடியேட்டரில் ஓட்டை இல்லை. ரப்பர் குழாயும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே போகிறது. பல நேரங்களில் இதற்குக் காரணம் ஹெட் கேஸ்கெட்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆவி வரும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். அப்போது 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் கொதித்துப் பீறிடும். முகம் வெந்துபோகும். கண் போகலாம். இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் திறக்காதீர்கள்.

கேஸ்கெட் என்பது என்ன?

மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் அம்பாசடர் கார் 1957 முதல் 2014 வரை தயாரானது. அதில் வெகுகாலம் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் இருந்தது. நான்கு சிலிண்டர். இந்த இன்ஜினில் இரண்டு பெரிய துண்டுகள் உண்டு. கீழே இருப்பது பிளாக். பிஸ்டன்கள் அதற்குள் ஏறி இறங்கும். மேலே இருப்பது ஹெட். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் அதில் இருக்கும். ஹெட் என்றால் தலை. பிளாக்கை உடல் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டும் இரும்பு. இரும்பின் மேல் இரும்பை வைத்தால் இடைவெளி இல்லாமல் பொருந்தாது. அதனால் நடுவே மெல்லிய தகடு ஒன்றை வைக்கிறார்கள். அதுதான் ஹெட் கேஸ்கெட். பருமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அதன் வேலை பெரியது. ஒரு பக்கம் பெட்ரோல் எரியும் நெருப்பு. பக்கத்திலேயே குளிர வைக்கும் தண்ணீர். இன்னொரு துளையில் ஆயில். மூன்றும் கலக்காமல் அது தடுக்கிறது.

இந்தத் தகடு எரிந்தாலோ கிழிந்தாலோ சில அடையாளங்கள் தெரியும். தண்ணீர் குறைந்துகொண்டே வரும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். (குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். அது சாதாரணம்.) ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் குமிழிகள் விடாமல் வந்தால் உள்ளே இருக்கும் காற்று தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள்.

எல்லாவற்றையும் விட மோசமானது ஆயிலில் தண்ணீர் கலப்பது. ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. தண்ணீர் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு இல்லை. பேரிங் தேய்ந்துவிடும். கேஸ்கெட் வாங்கும் பணத்தோடு முடிய வேண்டிய செலவு முழு இன்ஜின் செலவாகிவிடும்.

ஹெட்டை இறக்குவது

இன்ஜின் ஓவர்ஹால் செய்யும்போது எப்படியும் ஹெட்டைக் கழற்ற வேண்டும். ரிங் மாற்ற, வால்வு தேய்க்க, கரி எடுக்க, எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. கழற்றினால் புது கேஸ்கெட் போட வேண்டும். "பழையது நன்றாகத்தானே இருக்கிறது, அதையே போடுங்கள்" என்று சில முதலாளிகள் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒருமுறை நசுங்கிய தகடு மறுபடி அதேபோல் பொருந்தாது.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். குழாய், கார்புரேட்டர், மேனிஃபோல்டு எல்லாம் கழன்ற பிறகுதான் ஹெட் நட்டுகளுக்கு வர வேண்டும்.

இந்த இன்ஜினில் ஹெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகள் 11. அவற்றில் 4 நட்டுகள் வால்வுகளை அழுத்தும் ராக்கர் தண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். புதிதாக வேலை கற்பவர் அந்த நான்கை மட்டும் முதலில் கழற்றிவிடுவார். அப்போது ஹெட் ஒரு பக்கம் தளரும், மறுபக்கம் இறுகி நிற்கும். ஹெட் வளைந்துவிடும். ஆகவே 11 நட்டுகளையும் வரிசையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

உள்ளே நீளமான கம்பிகள் எட்டு இருக்கும். இவற்றைப் புஷ் ராடு என்பார்கள். எது எந்த இடத்தில் இருந்ததோ அங்கேதான் திரும்பப் போக வேண்டும். ஓர் அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதி, கம்பிகளை அதில் குத்தி வையுங்கள். காசு செலவில்லாத நல்ல ஏற்பாடு இது.

ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பக் கூடாது. கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகவே பிறகு தண்ணீர் கசியும்.

பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கறுப்புக் கோடு இருந்தால் நெருப்பு அந்த வழியாகப் போயிருக்கிறது. தண்ணீர்த் துளையின் ஓரம் அரித்திருந்தால் கசிவு அங்கே. நோய் எங்கே என்று அந்தத் தகடே காட்டிவிடும்.

பழைய கேஸ்கெட்டுகளில் செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் இருக்கும். சில கூரைத் தகடுகளில் இருக்கும் அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வருடங்கள் கழித்துத்தான் நோய் தெரியும். ஆகவே உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். நனைத்துச் சுரண்டி, ஈரத் துணியால் துடையுங்கள். வேலை கற்கும் சிறுவர்களிடம் இந்த வேலையைத் தரவே கூடாது.

மட்டம் பார்ப்பது

அவசர வேலை செய்பவர்கள் விட்டுவிடும் கட்டம் இது. சூடேறிய ஹெட் வளைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. நேரான இரும்புப் பட்டையை ஹெட்டின் மேல் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைக்க வேண்டும். பட்டைக்கு அடியில் ஃபில்லர் கேஜின் மெல்லிய இதழ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனி புத்தகம் சொல்லும் அளவைவிடத் தடித்த இதழ் நுழைந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி ஹெட்டின் முகத்தை மட்டம் செய்ய வேண்டும். பிளாக்கையும் இப்படியே பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்றைய கார்களில் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அது இரும்பைவிடச் சீக்கிரம் வளையும். பல கார்களில் ஹெட் போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். கழற்றினால் அவையும் புதிதாக வாங்க வேண்டும்.

கேஸ்கெட் ஏன் எரிந்தது என்றும் தேட வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். வாட்டர் பம்ப் வேலை செய்யாமல் இருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் புது கேஸ்கெட் போட்டால் அதுவும் எரியும். கூலி இரண்டு முறை கொடுக்க வேண்டி வரும்.

பூட்டுவது

புது கேஸ்கெட்டில் ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். ஒன்று "டாப்". மேல்பக்கம் என்று பொருள். இன்னொன்று "ஃப்ரண்ட்". முன்பக்கம் என்று பொருள். இதைப் படிக்காமல் திருப்பிப் போட்டால் தண்ணீர்த் துளை அடைபடும். வண்டி மறுபடியும் சூடேறும். எழுத்து தெரியாவிட்டால் தகட்டின் துளைகளைப் பிளாக்கின் துளைகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். எழுத்து தெரிந்தாலும் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது நல்லது.

ஹெட்டை நேராக இறக்குங்கள். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போகும் வரிசையில் இறுக்குங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஸ்பேனரில் குழாயைச் செருகி உடம்பு பலத்தை எல்லாம் போட்டு இழுப்பவர்கள் உண்டு. அது திறமை இல்லை. டார்க் ரெஞ்ச் என்ற கருவி இருக்கிறது. எவ்வளவு இறுக்கினோம் என்பதை அது எண்ணில் காட்டும். எந்த எண் வரை போக வேண்டும் என்று கம்பெனி புத்தகத்தில் இருக்கும். 1990களில் இசுசு இன்ஜினோடு வந்த அம்பாசடருக்கு எண்ணும் வேறு, அமைப்பும் வேறு.

வால்வு இடைவெளியைச் சரி பாருங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். இந்தப் பழைய இன்ஜினில் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டும். பிறகு வால்வு இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன்பு, ரேடியேட்டர் தண்ணீரையும் ஆயில் கம்பியையும் பாருங்கள்.