கள்சுபாய் மலையடியில் கூடார இரவு

மும்பைக்கு வந்து முப்பது நாற்பது வருடங்கள் ஆனவர்களிடம்கூட, மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த மலை எது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மகாபலேஷ்வர் என்பார்கள், மீதிப் பேர் யோசிப்பார்கள். அது கள்சுபாய். உயரம் 1,646 மீட்டர், பழைய கணக்கில் 5,400 அடி. நாசிக் போகும் ரயிலில் இகத்புரி தாண்டி, கோட்டி நெருங்கும்போது வலப்பக்க ஜன்னலில் பார்த்தால் வரிசையாக நிற்கும் சிகரங்களில் அதுவும் ஒன்று. அதைச் சுற்றியுள்ள காடு 1986இல் கள்சுபாய் - ஹரிச்சந்திரகட் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 361 சதுர கிலோமீட்டர். காட்டின் நடுவே பிரவரா நதியை மறித்துக் கட்டிய வில்ஸன் அணையும், அதன் பின்னே ஆர்தர் ஏரியும் இருக்கின்றன. பண்டார்தரா என்று நாம் சொல்வது இந்த இடத்தைத்தான்.

அங்கே விடுதிகள் உண்டு, ஏ.சி. அறைகளும் உண்டு. நான் எழுத வந்தது அவற்றைப் பற்றி அல்ல. ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் முத்கேல், ரத்தன்வாடி, சாம்ராட் என்று சிற்றூர்கள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களே வயல் ஓரத்திலும் காட்டு ஓரத்திலும் கூடாரம் போட்டு, இரவுச் சாப்பாடும் காலை டீயும் கொடுத்து அனுப்புகிறார்கள். 2024 ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை, நமது சங்க அன்பர்கள் நான்கு குடும்பத்தார், குழந்தைகளையும் சேர்த்துப் பதினேழு பேர், அப்படி ஓரிடத்தில் தங்கினோம். திரும்பி வந்ததிலிருந்து இரண்டு கட்சிகள். வருடா வருடம் போக வேண்டும் என்பது ஒன்று. இனிமேல் சங்கத்தின் பெயரில் இந்த மாதிரிப் பயணமே கூடாது என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி. ஆனால் சில நிபந்தனைகளோடு.

முதலில் போகும் வழி. நாங்கள் வேன் எடுத்துக்கொண்டோம். ரயிலில் போகிறவர்கள் கஸாரா லோக்கலில் கடைசி வரை போய், அங்கிருந்து ஜீப் பிடித்து, கோட்டி வழியாக மலைக்குள் திரும்பலாம். நான் ரயிலையே சிபாரிசு செய்வேன். என்னிடம் வேறு எதை எதிர்பார்ப்பீர்கள்? முடிந்தால் கஸாராவில் இறங்காமல், இகத்புரியில் நிற்கும் எக்ஸ்பிரஸில் டிக்கெட் வாங்குங்கள். கஸாராவுக்கும் இகத்புரிக்கும் நடுவே இருப்பதுதான் தள் காட். 1865இல் திறந்த பாதை. 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். அகலப் பாதையில் இவ்வளவு செங்குத்து நம் நாட்டில் அபூர்வம். கஸாராவில் வண்டிக்குப் பின்னால் பாங்கர் எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் அவை வந்து சேரும் அந்த மெல்லிய இடி முதுகில் தெரியும். எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

ஜூன் முதல் வாரத்தில் போனதற்குக் காரணம் மின்மினி. மே கடைசியிலிருந்து மழை நன்றாகப் பிடிக்கும் வரை இரண்டு மூன்று வாரம், இந்தக் காட்டின் சில மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. கடுக்காய், தான்றி, நாவல், மருது ஆகியவை அவற்றுக்குப் பிடித்த மரங்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பு போனதால் நடுநிசி வரை நிலா இல்லை. எட்டு மணி வாக்கில் ஒன்றிரண்டாக ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு ஒரு பெரிய மரம் முழுவதும் ஏறிவிட்டது. ஒரு கிளையில் எல்லாம் ஒரே சமயத்தில் மின்னும், அணையும். அடுத்த கிளை அதைத் தொடரும். தீபாவளிச் சர விளக்கு மாதிரி என்று சொல்ல வாய் வரும். ஆனால் சர விளக்கில் இந்த மூச்சு வாங்குதல் கிடையாது.

பூச்சியின் வயிற்றில் இரண்டு ரசாயனப் பொருள்கள் பிராணவாயுவோடு சேரும்போது வெளிச்சம் உண்டாகிறது. சூடு அநேகமாக இல்லை. மின்னுவதில் பெரும்பாலானவை ஆண்கள். பெண் மின்மினி கீழே புல்லிலோ இலையிலோ இருந்துகொண்டு பதில் வெளிச்சம் காட்டும். அதைப் பார்த்து ஆண் இறங்கி வரும். வளர்ந்த பூச்சிக்கு ஆயுள் இரண்டு மூன்று வாரந்தான். அதற்குள் ஜோடி சேர்ந்து ஈர மண்ணில் முட்டையிட்டாக வேண்டும். முட்டையிலிருந்து வரும் புழு மண்ணில் நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்ந்து, அடுத்த மழைக்கு முன் பூச்சியாகும். ஆகையால் அந்த இரண்டு வாரத்தில் நடுவே ஒரு கார் ஹெட்லைட் வந்து நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பதில் வெளிச்சம் தெரியாது. ஜோடி சேராது. அடுத்த வருடம் அந்த மரத்தில் அவ்வளவு குறையும்.

எங்கள் கண்முன்னே அதுதான் நடந்தது. பக்கத்து வயலில் இன்னொரு கூட்டம். பத்துப் பன்னிரண்டு கார்கள், ஒலிபெருக்கி, கரியடுப்பில் சமையல். ஒரு கார் எங்கள் மரத்தைப் பார்த்தபடி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. ஒரு நிமிடத்தில் மரத்தின் அந்தப் பக்கம் முழுவதும் இருண்டுவிட்டது. எங்களோடு வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி, "தாத்தா, பயந்துடுச்சா?" என்று கேட்டாள். எங்களுக்கு இடம் கொடுத்த ஊர்க்காரர் போய் இரண்டு முறை கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். விளக்கை அணைத்தார்கள். பாட்டு நிற்கவில்லை. திரும்பி வந்தவரிடம் நான் மராத்தியில், "நீங்கள் இந்த ஊர்க்காரர், கண்டித்துச் சொல்லக் கூடாதா?" என்றேன். "காக்கா, அந்த வயல் என் சித்தப்பா மகனுடையது. அவனுக்கு வருடத்தில் வருமானம் இந்த இரண்டு வாரந்தான். நான் சண்டை போட்டால் அடுப்பு அணைவது அவன் வீட்டில்" என்றார். எனக்குப் பதில் ஓடவில்லை.

அவர் மகாதேவ கோளி இனத்தவர். மழைக்கால நெல் ஒன்றுதான் விளைச்சல். அணை கட்டி ஏரி வந்தாலும், மேட்டு நிலத்துக்கு மே மாதம் குடிநீரே சிரமம். கோடியில் உள்ள காட்கரில் பெய்யும் மழையை வைத்து, அதை இந்த மாவட்டத்தின் சிரபுஞ்சி என்பார்கள். அந்தக் காட்கரில்தான் தண்ணீரை மேலே ஏற்றி, மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு 250 மெகாவாட் எடுக்கும் நிலையம் 2008 முதல் இயங்குகிறது. உருளையால் அழுத்தும் கான்கிரீட் முறையில் இந்தியாவில் முதன்முதல் கட்டிய அணை அங்கேதான். என் போன்றவர்களுக்கு அதைப் பார்க்கவே ஒரு நாள் வேண்டும். ஆனால் பக்கத்துச் சிற்றூரில் அன்று இரவு ஒன்பது மணி வரை மின்சாரம் இல்லை.

சாப்பாடு அரிசி பாக்ரி, பிட்லா, மிளகாய் டேச்சா, அவரைக்கொட்டைக் குழம்பு. பாட்டி காலத்து அவரை வகைகளையெல்லாம் இதே அகோலே தாலுகாவில் சேர்த்துவைத்துக் காப்பாற்றியதற்காகத்தான் ராஹிபாய் போபேரே என்ற அம்மையாருக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பள்ளிக்கூடமே போகாதவர். குழம்பு சாப்பிட்டபோது அந்த விருது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று தோன்றியது.

இனி எதிர்க்கட்சியின் வாதங்கள். முதலாவது கழிப்பறை. தகரத் தடுப்பு போட்ட இரண்டு கழிப்பறைகள், வாளியில் தண்ணீர், இந்திய முறை. பதினேழு பேருக்கு அது போதாது என்பது உண்மை. ஆண்களுக்கு இது விளங்காது. பெண்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று என் மனைவி பிறகுதான் சொன்னாள். ஜூன் வெயிலில் அது ஆபத்து. ஆனால் எங்களில் மூத்தவரான அறுபத்தெட்டு வயது மாமி, முழங்கால் வலிக்காரர், "கல்யாணச் சத்திரத்திலே இதைவிட மோசமா பார்த்திருக்கேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிலே நடுவிலே ஓட்டை போட்டு வச்சா நான் அடுத்த வருஷமும் வருவேன்" என்றார். ஊர்க்காரர் அதைக் கேட்டு மொழிபெயர்க்கச் சொல்லி, நாற்காலிக்கு அளவு எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, பாம்பு. இதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். காட் பகுதியில் வேலை பார்த்த நாளில் கேங்மேன்கள் தரையில் படுக்கவே மாட்டார்கள். அவர்கள் பயந்தது நாகத்துக்கு அல்ல, கட்டுவிரியனுக்கு. மராத்தியில் மண்யார். அது இரவில் நடமாடும். தூங்குகிறவனைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். வயிற்று வலி, இமை தொங்குதல், மூச்சுத் திணறல் என்று விடிவதற்குள் முற்றிவிடும். மருந்து உண்டு, ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாசிக் போக மலைப்பாதையில் இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூட வேண்டும். தின்பண்டம் உள்ளே வைத்தால் எலி வரும், எலியின் பின்னால் மற்றது வரும். டார்ச் இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. டார்ச்சை மரத்தின் பக்கம் காட்டாமல் காலடியில் மட்டும் காட்ட வேண்டும். அதன்மேல் சிவப்பு ஜிகினாத்தாள் சுற்றினால் மின்மினிக்கும் தொல்லை குறைவு.

மூன்றாவது, இடி. இரவு ஒன்றரை மணிக்குத் தெற்கே மின்ன ஆரம்பித்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினேன். முதலில் இருபது, பிறகு பன்னிரண்டு. நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் என்று ஒலியின் வேகத்தைப் பெருக்கினால், பன்னிரண்டு நொடி என்பது நான்கு கிலோமீட்டர். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. மரத்தடியும் கூடாரமும் அந்த நேரத்தில் இருக்கக்கூடிய இடங்களே அல்ல. எல்லோரையும் எழுப்பினோம். முந்நூறு அடி தூரத்தில் பள்ளிக்கூடம். சாவியை ஊர்க்காரர் மாலையிலேயே வாங்கி வைத்திருந்தார். மாமியைப் பையன்கள் இருவர் நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். கடைசி ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்தியபோது மழை ஓட்டைப் பிளந்தது. குழந்தைகள் கரும்பலகைக்கு அடியில் தூங்கிவிட்டார்கள். பக்கத்து வயலின் ஒலிபெருக்கி அப்போதுதான் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர்களும் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டினார்கள். இடம் கொடுத்தோம். நாற்பது பேருக்கு மேல், ஒரே வகுப்பறை. யாரும் அதிகம் பேசவில்லை.

காலையில் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. ஏரிக்கு எதிர்ப்பக்கம் கள்சுபாய் உச்சிவரை தெரிந்தது. உச்சியில் தேவியின் சிறு கோயில், நவராத்திரியில் திருவிழா. பாரி என்ற ஊரிலிருந்து மூன்று நான்கு மணி நேர ஏற்றம், செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் உண்டு. ஈரப் பாறையில் குழந்தைகளோடு ஏறவேண்டாம் என்று முடிவு செய்து, ரத்தன்வாடி அமிர்தேஷ்வர் கோயிலுக்குப் போனோம். நம் ஊர்க் கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சிறிய கருங்கல் கோயில், ஆனால் கல்லில் ஓர் அங்குலம் சும்மா விடவில்லை.

கமிட்டி ஒப்புக்கொண்டால் அடுத்த பயணமும் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகவே இருக்கும். நான் கேட்கும் நிபந்தனைகள்: ஒலிபெருக்கியும் கூடார நெருப்பும் கிடையாது. வண்டி எட்டு மணிக்கு மேல் நகராது. பணத்தை நகரத்து இடைத்தரகரிடம் கொடுக்காமல் ஊர்க்காரர் கையிலேயே கொடுக்க வேண்டும். சித்தப்பா மகனின் வயலையும் சேர்த்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் அந்த மரத்துக்கு இரண்டு பக்கமும் இருட்டு இருக்கும். மொத்தம் முப்பது பேர், நான்கு கழிப்பறைகள். அவர் இப்போதே குழி வெட்ட ஆரம்பித்துவிட்டதாகப் போனில் சொன்னார். பெயர் கொடுப்பவர்கள் முழங்கால் வலி உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கட்டில் போட்ட கூடாரம் மூன்றுதான் இருக்கிறது. கீழ் பெர்த் மாதிரி, வயதைப் பார்த்துத்தான் ஒதுக்க முடியும்.