காலில் எடுத்த ரத்தக்குழாய் இதயத்தில் எத்தனை வருஷம் உழைக்கும்?

சேரங்கோடு பக்கம் ஒரு வீட்டில் பைபாஸ் என்று பேச்சு வந்தால், உடனே மூன்று கேள்விகள் எழும். கோவையா, கோழிக்கோடா? செலவு எவ்வளவு? காப்பீட்டு அட்டை செல்லுமா? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக்கோங்க: காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாயை எப்படிப் பத்திரமா வைப்பாங்க?

அது ஏன் முக்கியம்?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைத்துக்கொண்டால், வேறு இடத்திலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி இணைப்பதுதான் பைபாஸ். 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில், அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ கால் சிரையை வைத்து இந்த முறையை நிலைநாட்டினார். இந்தியாவின் முதல் பைபாஸ், 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது.

இன்றும் பெரும்பாலான ஆபரேஷன்களில் நெஞ்சின் உட்புறத் தமனி ஒன்றும், கால் சிரைகளும் சேர்ந்தே பயன்படுகின்றன. அந்தத் தமனி, 10 வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துவிடும். சில, முதல் வருஷத்திலேயே.

சிரை எங்கே கெடுகிறது?

சிரையின் உள்பக்கம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கு. ரத்தம் உறைந்து ஒட்டாமல் காப்பது அதுதான். பறித்த கொழுந்தைப் பையில் அமுக்கித் திணித்தால், ஃபேக்டரி போவதற்குள் கன்றிப்போகும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். காலிலிருந்து எடுத்து இதயத்தில் தைக்கும்வரை சிரையின் நிலைமையும் அதுதான். மூன்று விஷயங்கள் அதைக் கெடுக்கலாம்.

1. இழுவை: வெட்டி எடுக்கும்போது இழுபட்டால், நசுங்கினால் படலம் உரியும்.

2. அழுத்தம்: கசிவு இருக்கா என்று பார்க்க, சிரிஞ்சால் திரவம் ஏற்றி ஊதிப் பார்ப்பார்கள். கையால் அழுத்தினால் 300-ஐக்கூடத் தாண்டும். நம்ம ரத்த அழுத்தம் சாதாரணமாக 120 தான்.

3. திரவம்: சிரையைச் சாதாரண சலைனில் போட்டு வைப்பது பழைய வழக்கம். ஆனால் சலைன், ரத்தத்தைவிட அமிலத்தன்மை கூடியது.

தீர்வு என்ன?

அமிலத்தன்மையைச் சமன்செய்த திரவங்கள் இருக்கின்றன. 3,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அமெரிக்காவின் ‘பிரிவென்ட்-4’ ஆய்வின் தரவுகளை 2014-ல் அலசியபோது, இத்தகைய திரவத்தில் வைத்த சிரைகள் ஒரு வருஷத்தில் அடைபடுவது, சலைனிலோ ரத்தத்திலோ வைத்தவற்றைவிடக் குறைவாக இருந்தது.

இன்னொரு வழி, ஸ்வீடனின் ஓரெப்ரோ மருத்துவமனையில் வளர்ந்த ‘நோ-டச்’ முறை. சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே எடுப்பார்கள், ஊதிப் பார்ப்பதில்லை. 16 வருஷத்துக்குப் பின் இப்படி எடுத்தவற்றில் 83 சதவீதம் திறந்திருந்தன. வழக்கமான முறையில் 64 சதவீதம். ஆனால் இதில் கால் காயம் ஆற நாளாகலாம்; சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமா இருக்கணும்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஆபரேஷன் தியேட்டரில் காப்பாற்றிய சிரையை வீட்டில் இழந்துவிடவும் முடியும். ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் பொதுவாக நீண்ட காலத்துக்கு வேண்டும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நீங்களே நிறுத்தாதீங்க. பீடி, சிகரெட் கூடவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவருகிறது. மலையேறி இறங்க முடியாத நாளில் அது பெரிய உதவி.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

“நெஞ்சுத் தமனி எத்தனை, கால் சிரை எத்தனை பயன்படுத்துவீங்க? சிரையை எப்படி எடுப்பீங்க? எந்தத் திரவத்தில் வைப்பீங்க?” அவசர ஆபரேஷனில் இதற்கெல்லாம் நேரமிருக்காது. தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால், தயங்காமல் கேளுங்க.