உங்களுக்குத் தெரியுமா? ரசிகர் விரலுக்கும் இடம் தரும் கிதார்

முகத்தில் வெள்ளை முகமூடி, தலையில் கவிழ்த்த கோழிக்கறி வாளி. அமெரிக்க கிதார் கலைஞர் பக்கெட்ஹெட்டின் மேடைக்கோலம் இதுதான். 2000 முதல் 2004 வரை ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ குழுவில் வாசித்தவர்.

இவருக்கு ரசிகராக இருப்பது லேசான காரியமில்லை. 2011இல் ‘பைக்ஸ்’ என்ற ஆல்பம் வரிசையைத் தொடங்கினார். பெரும்பாலும் அரை மணி நேரத் தொகுப்புகள். 2015இல் மட்டும் 100க்கும் மேல்! ஒன்று மனசில் ஊறுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

அவருடைய வெள்ளை கிதாரில், வீடியோ கேம் இயந்திரத்தில் இருப்பதுபோல ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஒலி அறுபடும், விட்டால் திரும்பும். விரல் படபடவென்று தட்டும்போது நீண்ட ஒற்றைச் சுரம் துண்டு துண்டாகி, இயந்திரம் திக்கிப் பேசுவதுபோல் கேட்கும். கச்சேரியின் நடுவே மேடை விளிம்புக்கு வந்து கிதாரை நீட்டுவார். பொத்தானை அழுத்துவது முன்வரிசை ரசிகர்கள்! பொம்மைகளும் கைமாறும்: அவர்கள் தருவதை வாங்கிக்கொண்டு, தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பேச்சே கிடையாது.

வெறும் வேடிக்கை என்று நினைப்பவர்கள், உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்கு அவர் சமர்ப்பித்த ‘சூத்சேயர்’ (2006) இசையை அவசியம் கேளுங்கள். ஒன்பது நிமிடம், பாட்டு வரி ஒன்றுகூட இல்லை; நெஞ்சு கனத்துப்போகும்.