குரல் கொடுத்துப் பறவையை எண்ணுதல்

பார்வை என்னும் சொல் கண்ணால் காண்பதை மட்டுமன்றி, தன் இனத்தை ஈர்ப்பதற்காக வேட்டுவர் பழக்கி வைத்த விலங்கையும் பறவையையும் குறிக்கும் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். கூண்டுக் கவுதாரி கூவக் கேட்டுக் காட்டுக் கவுதாரி எதிர்த்து வரும், கண்ணியில் சிக்கும். பிடிப்பதற்குப் பயன்பட்ட அதே இயல்பு, இன்று காப்பதற்கும் பயன்படுகிறது.

ஐரோப்பிய வயல்களில் வாழும் சாம்பற் கவுதாரியை எண்ணுவது எளிதன்று. மண்ணிறமுடைய அப்பறவை ஆளரவம் கேட்டதும் பயிருக்குள் பதுங்கிவிடும். பகலில் பெரும்பாலும் குரல் எழுப்பாது. ஆயினும், இளவேனில் தொடக்கத்தில் சேவல் தன் எல்லைக்குள் வேறொரு சேவலைப் பொறாது. ஆதலின் ஒலிப்பதிவே இங்குப் பார்வைப் பறவை ஆகிறது.

ஜெர்மனியில் மார்ச் மாதத்தில், கதிரவன் மறைந்த பின் கணக்கெடுப்போர் வயற்பாதை வழியே செல்கின்றனர். சில நூறு மீட்டருக்கு ஓரிடத்தில் நின்று முதலில் செவிசாய்க்கின்றனர். பின்னர்ச் சேவலின் குரலைச் சிறிது நேரம் ஒலிக்கச் செய்து, மறுமொழிக்குக் காத்திருக்கின்றனர். துருவேறிய கதவு கிறீச்சிடுவது போன்ற குரல் எழுந்தால், அவ்விடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்கின்றனர்.

இம்முறையில் கவனிக்க வேண்டியவை சில உள. மறுமொழி இல்லை என்பதால் பறவையே இல்லை என்று துணிதல் கூடாது. காற்றும் மழையும் அதன் வாயை அடைத்திருக்கலாம். எனவே வேறொரு மாலையிலும் சென்று கேட்டல் வேண்டும். ஒரே சேவல் ஒலியைத் தொடர்ந்து வந்து இருமுறை எண்ணப்படுவதும் உண்டு. மறுமொழி கிடைத்ததும் கருவியை நிறுத்திவிட வேண்டும். இல்லாத பகைவனைத் தேடிப் பறவை வீணே அலைதல் தீங்காகும். மேலும், குரல் கேட்டது குஞ்சு பொரித்ததற்குச் சான்றன்று. ஆகவே பிரிட்டனில் அறுவடைக்குப் பின் தாளடி வயல்களில் குஞ்சுகளோடு திரியும் கூட்டங்களையும் எண்ணுகின்றனர்.

இத்துணை முயற்சி எதற்கு? ஐரோப்பாவில் இப்பறவை 1980க்குப் பின் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1968 முதல் நடந்துவரும் ஆராய்ச்சி அதன் காரணத்தைத் தெளிவாக்கியது. களைக்கொல்லி களையை அழித்தது; களை அழியவே அதில் வாழ்ந்த பூச்சிகள் குறைந்தன; பிறந்த இரண்டு வாரம் பூச்சியையே நம்பியிருக்கும் குஞ்சுகள் பசியால் மாண்டன. இதனால் வயலோரத்தில் ஒரு பட்டையை மருந்து தெளிக்காமல் விடும் வழக்கம் தோன்றியது. எந்த வயலோரத்தை அவ்வாறு விட வேண்டும் என்பதை, மாலை இருளில் எழும் அந்த மறுமொழியே காட்டிக்கொடுக்கிறது.